சவரி அண்ணன் குடிக்கவில்லை

இதை யாருக்கும் காட்டாதீர்கள். ப்ளீஸ். ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீர்கள், உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாதீர்கள்... இந்த ஸ்டேட்டஸை நம் கிளாஸ் பெண்கள் பதினொரு பேருக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

சவரி அண்ணன் செத்துப்போய்விட்டார்.

என்னை ஸ்கூல் கேட்டில் இறக்கிவிடுவாரே, மீன் நாற்றம் அடிக்கிற பழைய டீசல் பிக்கப்... அந்த டிரைவர். வண்டி எங்கள் அப்பாவுடையது.

முந்தாநாள் காட்டுப்பள்ளியிலிருந்து திரும்பும்போது, எண்ணூர் ரோட்டில் ஓரமாக நின்றிருந்த கன்டெய்னர் லாரியின் பின்னால் போய் மோதியிருக்கிறார். பிரேக் போட்ட தடமே இல்லையாம்.

"குடிச்சிருப்பான்" என்று அப்பா எல்லாரிடமும் சொல்கிறார். போலீசிடம் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் அண்ணனுடைய மனைவி ஸ்டெல்லா அக்காவிடமே சொன்னார்.

"இன்னா சார் இப்டி சொல்றீங்கோ... அவரு அத்த தொட்டதே கெடையாதே சார்" என்று அக்கா அழுதார்கள். நான் அப்பா முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அவர் குடிக்கவில்லை. வண்டிக்குள் புகை வந்துகொண்டிருந்தது. அதில்தான் மயங்கியிருப்பார். புகை எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆயுத பூஜை அன்று வண்டி லோடு இறக்கிவிட்டு அப்போதுதான் வந்து நின்றது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று அப்பா உள்ளிருந்து அவசரப்படுத்தினார். சவரி அண்ணன் பானட்டைத் திறந்து வைத்துவிட்டு எலுமிச்சம்பழம் வாங்கக் கிளம்பினார்.

"நீங்க சர்ச்சுக்குப் போறவரு, உங்களுக்கு இன்னாத்துக்குண்ணே எலுமிச்சம்பழம்?" என்று கிண்டல் பண்ணினேன்.

டாஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்ன மாதா சிலையைக் காட்டினார். "அவங்களும் இந்த வண்டிலதான பாப்பா வந்துகினு கீறாங்கோ. டயரு நல்லா இருந்தா அவங்களுக்கும் நல்லதுதான்."

அவர் போனதும் நான் ஹோஸ் பைப்பை எடுத்தேன். வண்டி பளபளவென்று இருக்க வேண்டும், லீவு முடிந்து வரும்போது நீங்கள் யாரும் மூக்கைப் பொத்திக்கொள்ளக் கூடாது... அவ்வளவுதான் நினைத்தேன். இன்ஜின் மேலேயும் அடித்தேன். புஸ்ஸென்று ஆவி. உள்ளே 'டங்' என்று ஒரு சத்தம்.

இன்ஜினிலிருந்து வரும் புகையைச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்புகிற கனமான இரும்புக் குழாய் ஒன்று உண்டு. மேனிஃபோல்டு. ஓடி வந்த வண்டியில் அது நெருப்பாகக் கொதிக்கும். அப்போது பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் ஸ்டார்ட் பண்ணியதும் டிக் டிக்கென்று சத்தம், குழாயின் விரிசல் ஓரத்தில் கரி. மெக்கானிக் பாய் டார்ச் அடித்துப் பார்த்தார். "சூட்டுல யாரோ தண்ணி அட்ச்சிகிறாங்க."

அப்பா திரும்பினார். நான் சவரி அண்ணன் பின்னால் ஒதுங்கினேன்.

"நான்தாண்ணா" என்றார் சவரி அண்ணன். "பூஜை அவசரத்துல அட்ச்சிட்டேன்."

"இத்தினி வருசமா வண்டி ஓட்டிகினு கீற, சோறுதான் துன்றியா இன்னா துன்ற நீ?" தெருவே பார்க்க அப்பா கத்தினார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே நின்றார்.

அப்புறம் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "என்னையின்னா வாயாலதான் பாப்பா அடிப்பாரு. உனுக்குன்னா பெல்ட்ட எடுத்துடுவாரு. வுடு."

தேங்க்ஸ்கூட நான் சொல்லவில்லை.

"வார்ப்பிரும்புண்ணா இது, வெல்டிங் நிக்காது. சூடாவ சூடாவ திரும்ப வாயத் தொறக்கும். மேனிஃபோல்டயே மாத்திடு" என்று பாய் எத்தனையோ தடவை சொன்னார்.

"மழை முடியட்டும். இப்ப வண்டிய நிறுத்தனா லோட வேற எவனாச்சும் எத்துகினு பூடுவான்" என்றார் அப்பா. வெல்டிங்தான் வைத்தார்கள். மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு அண்ணனே விரிசலில் பேஸ்ட் தடவி, எண்ணெய் டின் தகட்டைச் சுற்றி, கம்பியால் இறுக்கிக் கட்டினார். கியர் கம்பிக்குக் கீழே இருந்த ஓட்டையில் கோணித் துணியைத் திணித்தார். அப்படியும் புகை உள்ளே வந்தது.

நெற்றியில் எப்போதும் தைலம். ஒரே நாளில் இரண்டு தடவை "இன்னிக்கி இன்னா கெயம பாப்பா?" என்று கேட்டார். நான் சிரித்தேன்...

போன வாரம் நல்ல மழை. அவர் பக்கத்துக் கண்ணாடி இறங்காது, ரொம்ப நாளாகவே ஜாம். "உன் பக்கத்த கொஞ்சம் எறக்கேன் பாப்பா, தல சுத்துது" என்றார்.

"யூனிஃபார்ம் நனையுதுண்ணே" என்று ஏற்றிவிட்டேன்.

"கலெக்டரம்மா சொன்னா செர்தான்" என்றார். அதற்கப்புறம் ஸ்கூலுக்கு மழை லீவு; அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

நாளை காலை ராயபுரத்தில் அடக்கம். அப்பா பெரிய மாலைக்குச் சொல்லியிருக்கிறார். நானும் வர வேண்டுமாம். எல்லா டிரைவர்களும் வருவார்கள், "சரக்கு போட்டுட்டு வுட்டுட்டான்" என்று பேசிக்கொள்வார்கள். அவர் பெண் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் காதில் அதுதான் விழும்.

அடக்கம் முடிந்ததும் வண்டியை ஸ்டேஷனிலிருந்து எடுத்து அப்படியே பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும் என்று அப்பா போனில் பேசினார். பாய் வாயைத் திறக்க மாட்டார், அவருக்கு வேலையே அப்பா கொடுப்பதுதான்.

மிச்சம் நான் மட்டும்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. நாளையும் ஊமை மாதிரி நின்றுவிடுவேன் என்று நினைக்கிறேன்...

போய் வாருங்கள் சவரி அண்ணே. தண்ணீர் அடித்தது நான்தான். நாளைக்கு ஸ்டெல்லா அக்கா கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை, அவர் குடிக்கவில்லை என்று

யாரோ கதவைத் தட்டுகிறார்கள், இப்படியே போஸ்ட் பண்ணிவிடுகிறேன். அப்பா