துணைத் தலைவருக்கு ஒரு சாவி

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இட்லிக்கு உட்காரும் நேரம் பார்த்து அமெரிக்காவிலிருந்து மகள் கூப்பிடுவாள். பேரப்பிள்ளையின் சளி, அங்கத்திய குளிர் எல்லாம் முடிந்த பிறகு அரசியல் வரும். அவளுக்கு அங்கே ஓட்டு கிடையாது. அதனால்தானோ என்னவோ அவ்வளவு கோபம்.

இந்த முறை அவள் எடுத்தது ஒரு செனட்டர் அம்மாவின் கதையை. ஏழைபாழைகளுக்காகப் பேசுகிறவராம். பெரிய கம்பெனி முதலாளிகளை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்டே வியர்க்க வைப்பவராம். ஜனங்களுக்கு அவர் மேல் அப்படி ஒரு பிரியம். இப்போது ஜனாதிபதி தேர்தலில் நிற்கப்போகிற ஒருவர், துணை ஜனாதிபதி வேட்பாளராக என்னோடு நில்லுங்கள் என்று அவரைக் கூப்பிடப் போகிறாராம். போகலாமா, கூடாதா? இந்த வழக்கில் மகளுக்கும் அவளுடைய ஆபீஸ் தோழிக்கும் பேச்சே நின்றுபோய்விட்டது.

"நீங்க என்னாப்பா நெனைக்கிறீங்க?"

"என்ன ஏம்மா கேக்குற? வூட்டுலயே ஒரு துணைத் தலைவர் இருக்காங்களே."

அடுப்படியில் பாத்திர மூடி ஒன்று தேவைக்கு மேல் சத்தமாக விழுந்தது. நான் அவசரமாக ஒரு இட்லியைச் சட்னியில் தோய்த்தேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ரகசியம் உண்டு. எங்கள் தொழிற்பேட்டையில் முக்கால்வாசிப் பட்டறைகள் பொம்பளைகள் பேரில் இருக்கின்றன. பெண் தொழில்முனைவோருக்குக் கடனில் சலுகை உண்டு என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். உடனே ஊரிலுள்ள ஆம்பளைகளுக்கெல்லாம் பெண்ணுரிமையில் நம்பிக்கை வந்துவிட்டது. போர்டில் பொண்டாட்டி பேர், கல்லாவில் புருஷன். பட்டறைக்காரர் சங்கத்துக் கூட்டத்துக்கும் புருஷன்தான் போவான், பொண்டாட்டி பேரில் கையைத் தூக்குவான். பட்டறைக்குச் சொந்தக்காரி அந்த நேரத்தில் அதே பட்டறையில் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருப்பாள்.

எங்கள் பட்டறையும் அப்படித்தான். பெண்ணாடத்தில் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சங்கத்துக் கூட்டம்தான் எனக்குப் பொழுதுபோக்கு. ஒரு வருஷம் எனக்குக் காய்ச்சல். கூட்டத்துக்கு என் வீட்டம்மா போனாள். போனவள் டீயைக் குடித்தோமா வந்தோமா என்று இருக்கவில்லை. கேள்வி நேரத்தில் எழுந்து நின்றாள்.

"ஊர் ஊருக்குக் கக்கூஸ் பேசினு செஞ்சி அனுப்புறோம். இங்க வேல செய்யுற பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸு இல்ல. எப்போ கட்டுவீங்க?"

உண்மைதான். சின்னச் சின்னக் கொட்டகைகள். யாருக்கும் தனியாகக் கட்ட இடம் கிடையாது. பொது இடம் சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. பொம்பளைகள் ரயில் பாதை ஓரத்துக் கருவை முள்ளுக்குள்தான் போய்வருவார்கள். விருத்தாசலம் ஜங்ஷன் என்பதால் எந்தத் திக்கிலிருந்து எந்த வண்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வண்டி வந்தால் எழுந்து நிற்க வேண்டும். வண்டி போனபின் மறுபடி உட்கார வேண்டும். மழைக்காலத்தில் பாம்பு வேறு. அதனால் பாதிப் பேர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். சூளைப் பக்கத்து அனலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் உடம்பு என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

தலைவர் எழுந்து, "பரிசீலனையில் உள்ளது" என்றார். கூட்டம் கைதட்டியது. தலைவர் தனக்கென்று நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து கூட்டத்துக்கு அவள்தான். எனக்குக் காய்ச்சல் விட்டதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. வருஷா வருஷம் அதே கேள்வி, அதே பதில். அவள் எழுந்தால் பின்வரிசையில் விசில் கேட்கும். பேட்டைப் பொம்பளைகள் அவள் சொன்னதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். தலைவர் கூட்ட அழைப்பிதழை அச்சடிக்கும் முன் எங்கள் பட்டறைப் பக்கம் வந்து, "இந்தத் தடவையும் கேக்கப் போறீங்களாம்மா?" என்று ஆழம் பார்த்துவிட்டுப் போவார்.

போன சங்கத் தேர்தலுக்கு முன்னால் ஒரு விபரீதம் நடந்தது. எதிர் அணிக்காரர்கள் யாரிடமோ மனுக் கொடுத்து, யார் பேரில் பட்டறையோ அவரே நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும் என்று உத்தரவு வாங்கிவிட்டார்கள். ஒரே நாளில் ஆம்பளைகளுக்கெல்லாம் ஓட்டுப் போயிற்று. டீக்கடையில் அன்று ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. இத்தனை வருஷமாகத் தாங்கள் முதலாளிகள் இல்லை என்பது அவர்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் காலையில் தலைவர் இனிப்புப் பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"அம்மா, நம்ம அணியில நீங்கதான் துணைத் தலைவருக்கு நிக்கணும். ஒங்கள மாதிரி தைரியமானவங்க சங்கத்துக்கு வேணும்."

"இத்தினி வருஷமா அது ஒங்களுக்குத் தெரியலீங்களா?" என்றாள்.

அவர் பழுத்த தலைவர். சிரித்தார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாள். அதன்பின் எங்கள் வீட்டில் இரண்டு நாளைக்கு அதே பேச்சு. மகள் போனிலேயே கத்தினாள். "ஒன்னப் பேசவுடாமப் பண்ணத்தான் மேல கூப்புடுறாங்கம்மா. போவாத." எங்கள் பட்டறைக்கு அடுத்த கொட்டகைக்காரி, பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறவள், இவளை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு எந்நேரமும் ஒட்டிக்கொண்டிருப்பவள், "நீ போக்கா. நம்மாளு ஒருத்தி மேல இருக்கட்டும். எத்தினி நாளுக்குத்தான் ரயிலுக்கு மரியாத குடுக்குறது?" என்றாள்.

என் மனைவி என்னையும் ஒரு வார்த்தை கேட்டாள். நான் உடனே நிற்கச் சொன்னேன். பேட்டையில் என்னை எல்லோரும் "அந்தம்மா வூட்டுக்காரரு" என்றுதான் சொல்லிவந்தார்கள். "துணைத் தலைவர் வீட்டுக்காரர்" என்பதில் ஒரு எடுப்பு இருந்தது.

கடைசியில் அவள் முடிவு அவளுடையதுதான். "கீழ நின்னு கத்திக் கத்தித் தொண்டதான் போச்சி. மேல போனா நானே தீர்மானம் கொண்டாரலாமில்ல?" என்றாள். தலைவரிடம் நேரே போய், "கக்கூஸு கட்டணும். ஒத்துக்கிட்டா நிக்குறேன்" என்றாள்.

"மொத வேலையே அதாம்மா" என்றார் அவர்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மனிதர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார்.

தேர்தலன்று பொம்பளைகள் ஷேர் ஆட்டோவில் அடைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். கையில் வர்ணக் கறையோடு வரிசையில் நின்று இவள் முகத்துக்காக அந்த அணிக்கே ஓட்டுப் போட்டார்கள். வாசலில் வைத்த ஃப்ளெக்ஸில் தலைவர் ஆள் உயரத்துக்கு இருந்தார். கீழ் மூலையில் என் மனைவி ஆதார் அட்டைப் படத்தில் திருடியைப் போல முழித்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து என் மைத்துனன் மாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். எனக்கும் ஒரு துண்டு போர்த்தினார்கள். அதை இன்னும் மடித்து வைத்திருக்கிறேன்.

அப்புறம்தான் துணைத் தலைவருக்கு என்ன வேலை என்று விசாரித்தோம். தலைவர் வராத கூட்டத்துக்குத் தலைமை தாங்க வேண்டும். தலைவருக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாம் இருந்தன. ஆனால் ஒரு கூட்டத்துக்காவது வராமல் இருந்ததில்லை. மற்றபடி, பொதுக்குழுவில் நன்றியுரை சொல்ல வேண்டும். இன்னொரு வழக்கமும் அந்தச் சங்கத்தில் உண்டு. மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் கேள்வி கேட்கக் கூடாது. கேள்வி கீழேயிருந்துதான் வரவேண்டும். எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை.

பதவியேற்ற கொஞ்ச நாளிலேயே சங்க அலுவலகத்துக்குப் பின்னால் செங்கல் வந்து இறங்கியது. என் மனைவிக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கொத்தனாருக்கு வீட்டிலிருந்து டீ போட்டு ஃப்ளாஸ்க்கில் கொண்டுபோனாள். மகளுக்குப் போன் போட்டு, "போவாத போவாதன்னியே, பாத்தியா?" என்றாள். சுவர் எழும்பியது. ஒரே ஒரு கதவு வைத்தார்கள்.

"மீதிக் கதவு எப்பங்க?"

"ஒண்ணுதாம்மா சொன்னாங்க" என்றார் கொத்தனார். "உள்ளாற டைல்ஸ், பேசினு, கண்ணாடியெல்லாம் நல்லதா வெக்கச் சொன்னாங்க."

முதலில் ஒன்று, பிறகு மற்றவை என்று அவள் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

பொதுக்குழு வந்தது. மேடையில் பூங்கொத்துக்குப் பின்னால் என் மனைவி பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். தலைவர் மைக்கைப் பிடித்தார். "நமது துணைத் தலைவர் அம்மா அவர்களின் நீண்ட நாள் கோரிக்கை இன்று நிறைவேறியிருக்கிறது. பெண் நிர்வாகிக்கென்றே தனிக் கழிப்பறை கட்டிய பெருமை நம் சங்கத்துக்குத்தான் உண்டு" என்றார். ஒரு தாம்பாளம் வந்தது. அதில் வாழைப்பழம், பூ, நடுவில் ஒரு சாவி. அரங்கமே கைதட்டியது. போட்டோகிராபர் இந்தப் பக்கம் பாருங்கம்மா என்றான். அவள் சாவியை வாங்கிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டாள்.

கேள்வி நேரத்தில் ஒருவரும் எழவில்லை. கேட்கிறவள்தான் மேலே இருக்கிறாளே. கடைசியில் அவள் நன்றியுரை சொன்னாள். தலைவருக்கு, மைக்செட்காரருக்கு, சமையல்காரருக்கு. அதற்குள் பாதிப் பேர் பந்திக்குப் போய்விட்டார்கள்.

பந்தியில் அடுத்த கொட்டகைக்காரி இவள் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தாள். இவள் தோளில் கையை வைத்து, முகமெல்லாம் சிரிப்பாக, "ஒனக்குக் கெடச்சிடுச்சில்லக்கா. அதுவே போதும்" என்றாள்.

குத்திக் காட்டியிருந்தால் என் மனைவி பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். ஆனால் கொட்டகைக்காரி நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். என் மனைவி இலையை அப்படியே மடக்கிவிட்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்து பட்டுப்புடவையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை போட மறந்து. அவளும் அதைக் கவனிக்காமல் குடித்தாள்.

அந்தச் சாவியை அவள் ஒரு தடவைகூடத் தனக்கென்று எடுக்கவில்லை. ஒரு வாரம் பழையபடி கருவை முள்ளுக்கே போனாள். அதற்கடுத்த திங்கட்கிழமை சாவியை எடுத்துப் போய், வர்ணக் கொட்டகையில் எல்லோர் கண்ணிலும் படுகிற ஆணியில் மாட்டினாள்.

அந்தக் கழிப்பறைக்குப் போக அலுவலகத்தின் வழியாகத்தான் வழி. தலைவர் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். காலை பத்து மணிக்குப் பொம்பளைகள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி உள்ளே, மற்றவர்கள் தலைவர் மேசையைச் சுற்றி. அவர் போனில் ஆர்டர் பேசும்போது எதிரே நின்று ஊர்க்கதை பேசினார்கள். சீனி கம்மியாகப் போட்ட டீயை அவர் குடிப்பதைப் பார்த்து, "சக்கரைங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்கள்.

"அம்மா, இது நிர்வாகிங்களுக்குக் கட்டுனது" என்றார் தலைவர் என் மனைவியிடம்.

"நிர்வாகிதாங்க சொல்றேன். எல்லாரும் போவலாம்."

ஒரு நாள் வெளியூரிலிருந்து கொள்முதல் பேச ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் தலைவருக்கும் நடுவே வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. என்ன கூட்டம் என்று கேட்டதற்குத் தலைவர், மகளிர் குறைதீர்ப்பு என்று சொன்னாராம். அந்த மாதம் முடிவதற்குள் பேட்டையின் பின்பக்கத்துப் பொது இடத்தில் பெரிய குழியாகத் தோண்டினார்கள். இப்போது சுவர் இடுப்பளவுக்கு வந்திருக்கிறது. வரிசையாகக் கதவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். இன்னும் கூரை போடவில்லை. போடும் வரை நான் எதையும் நம்புவதாக இல்லை. அடுத்த தேர்தலைப் பற்றித் தலைவர் இப்போதே என்னிடம் ஜாடையாகச் சொல்லிவிட்டார். "அம்மா கீழ இருந்தாத்தான் சார் சங்கத்துக்குப் பலம்."

இட்லி ஆறிப்போயிருந்தது. மகள் போனில் விடவில்லை. "அம்மாகிட்ட குடுங்கப்பா. அந்த செனட்டர் போகலாமா கூடாதா, அவங்களே சொல்லட்டும்."

என் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினாள்.

"போறதுன்னா போவட்டும்மா. ஆனா, ஒனக்குன்னு ஒண்ணு செஞ்சிருக்கோம்னு தாம்பாளத்துல வெச்சிக் குடுப்பாங்க. ஊரே கை தட்டும். அப்ப மட்டும் கும்புடு போட வேணாம்னு சொல்லு" என்றாள். "நான் போட்டேன்."

போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.