ஏற்றத்தில் மூச்சு முட்டிய கார்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டியிருக்கிறது நான் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப். ஆட்டோமொபைலில் டிப்ளமோ முடித்துவிட்டு அங்கே சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போடப் படித்ததே என்னிடம். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

வண்டியின் கோளாறைக் கண்டுபிடிக்கிற வேலைக்குத்தான் என்னை எடுத்தார்கள். ஆனால் முதலாளி முதல் நாளே போன் இருக்கும் மேசையைக் காட்டினார். "பிள்ளைக்கு மலையாளமும் தமிழும் நல்லா வருது. போன் எடுக்கட்டு" என்றார். சில மாதங்கள் போன்தான் எடுத்தேன்.

அப்போதுதான் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், தரையோடு தரையாகக் கிடக்கும். வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒரு வெள்ளறடைக்காரர் பழையதாக வாங்கியது.

"சமமான ரோட்டுல பறக்கும் கேட்டியளா. ஏத்தத்துல நல்லா மிதிச்சா சவம் ஆட்டோ மாதிரி ஆயிரும். ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணினா கொஞ்ச தூரம் சரியா ஓடும். பெறவும் அதே கதை" என்றார்.

ஸ்கேனரை மாட்டியதில் டர்போ அழுத்தம் குறைவு என்று காட்டியது. எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளிக் கொடுப்பது டர்போ. அது போய்விட்டது, கழற்ற வேண்டும் என்றார் மூத்த மெக்கானிக். எனக்கு அது ஒத்துவரவில்லை. டர்போ போயிருந்தால் புகை வரும், ஊளைச் சத்தம் கேட்கும், ஆயில் குறையும். இதில் ஒன்றுமே இல்லை. மேசையை விட்டு எழுந்து வந்து, குழாயில் எங்காவது காற்றுக் கசியலாம் என்று சொன்னேன். கம்ப்ரசர் காற்றை ஏற்றி, குழாய் முழுக்க சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி கூட வரவில்லை.

"குளிப்பாட்டியாச்சா? இனி பவுடர் போட்டு விடு" என்றார் மூத்த மெக்கானிக்.

ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. "ஒரு தடவ ஏத்தத்துல ஓட்டிப் பாத்துட்டு வா. அதுக்குள்ள கோளாறு என்னன்னு சொன்னியானா இனி ஸ்கேனர் உன் கையில. இல்லேன்னா டர்போவக் கழத்துவோம். நீ பேசாம போன் எடுத்துட்டு இரிக்கணும்" என்றார்.

கார்க்காரர் ஓட்ட, மடியில் ஸ்கேனரோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். வெள்ளறடை தாண்டி அம்பூரிப் பக்கம் ரோடு ஏறத் தொடங்கியது. இரண்டு பக்கமும் ரப்பர். மெதுவாகப் போகும்வரை எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவு சரியாக இருந்தது. "இப்ப மிதியுங்க அண்ணா" என்றேன். மிதித்தார். ஸ்கேனரில் எண் ஏறியது, பிறகு யாரோ வாயைப் பொத்தினதுபோல் பாதியில் நின்றது. கார் முனகிக்கொண்டு ஊர்ந்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்து எங்களை முந்திப் போனார்.

கசிவு என்றால் உள்ளே போன காற்று வெளியே போக வேண்டும். இங்கே காற்று உள்ளேயே போகவில்லை. நான் தேடியது தப்பான பக்கம்.

அவர் வீடு பக்கத்தில்தான். முற்றத்தில் நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். ஏர் ஃபில்டர் புதுசு போலிருந்தது. அதற்குக் காற்றைக் கொண்டுவரும் கறுப்புக் குழாயை ஃபில்டர் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு, "இப்பம் ஓட்டுங்க" என்றேன். அதே ஏற்றத்தில் கார் எங்களை சீட்டோடு சேர்த்து அழுத்தியது. கார்க்காரர் அம்பூரிவரை தேவையே இல்லாமல் ஓட்டிவிட்டுத் திரும்பினார்.

குழாயின் மறுமுனை ரேடியேட்டருக்கு மேலே திறந்திருக்கும். கையை விட்டேன். வெகு உள்ளே ஏதோ ஒட்டியது. நீள மூக்குக் குறடால் இழுத்தபோது கறுப்பு பிளாஸ்டிக் வந்தது. மழைக்காலத்தில் ரப்பர் மரத்தைச் சுற்றி, பால் வடியும் வெட்டு நனையாமல் பாவாடை மாதிரி ஒட்டுவார்களே, அந்த ரெயின்கார்டு பிளாஸ்டிக். ஒரு ஓரம் அதற்கான பசையால் குழாய்ச் சுவரில் பிடித்திருந்தது. மறு ஓரம் கதவுபோல் ஆடியது. மெதுவாகப் போனால் கதவு திறந்திருக்கும். எஞ்சின் வேகமாகக் காற்றை இழுத்தால் அதுவே சாத்திக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தினால் மறுபடி திறந்துகொள்ளும்.

ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்த கார்க்காரரின் அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"அதை ஏன் பிள்ளே எடுத்தா? அது நான் வச்சதாக்கும்."

"அப்பா வச்சதா?" என்றார் மகன்.

"எலே, எலி கேறி ஸ்கூட்டருக்க வயரு முழுக்கத் தின்னது மறந்து போச்சா? இதுல பொந்து மாதிரி ஒண்ணு கண்டேன். அடச்சேன். அந்தப் பசை மணத்துக்கு எலி கிட்ட வராது."

"எலி வரல்ல. காத்தும் வரல்ல. டர்போவையே கழத்த இருந்தாவ."

"காத்துக்கு உள்ள வழின்னு அதுல எழுதியா வச்சிருக்கு?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "அப்பம் எலிக்கு என்ன செய்ய மக்கா?"

நியாயமான கேள்வி. "குழாய் வாய்க்குக் கம்பிவலை போடலாம் மாமா. காத்து போகும், எலி போகாது" என்றேன். அவரே உள்ளே போய் கோழிக்கூட்டு வலையில் மிச்சமிருந்த துண்டைக் கொண்டுவந்தார். கண்ணி பெரிசு, எலி சுகமாகப் போய்வரும். சின்னக் கண்ணி வலை ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது, அதைப் போடுகிறேன் என்றேன். தன் வலை நல்ல வலை என்று கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு விட்டுக்கொடுத்தார்.

முற்றத்தில் நின்றபடியே ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டேன். நெடுநேரம் அடித்தது. எடுக்க வேண்டிய ஆள் நான் இங்கே நிற்கிறேன் அல்லவா.

கடைசியில் முதலாளி எடுத்தார். "ஆரு?"

"நான்தான் சார். டர்போ நல்லா இருக்கு" என்று தொடங்கி எல்லாம் சொன்னேன். பின்னால் ஸ்பானர் விழும் சத்தமும், யாரிடமோ "கழத்தாண்டாம், கழத்தாண்டாம்" என்று அவர் சொல்வதும் கேட்டது.

"கொள்ளாம், நல்ல வேல. ஸ்கேனரோட சீக்கிரம் வா, இங்க நீ பாக்க வேற வண்டி நிக்கி" என்றார். பிறகு, "இந்தப் போனை எங்க அமத்தி கட் பண்ணணும்?" என்று கேட்டார்.

சொல்லிக் கொடுத்தேன்.