மூன்று சிங்கங்களும் என் இங்கிலீஷும்

சர்க்கரையால் கால் புண் ஆறாமல் பெரியப்பா வேலையை விட்டு வீட்டோடு தங்கிவிட்ட வருடம், நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் எங்கள் வீடு. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று பேரும் அதில் ஒன்றாகத்தான் இருந்தார்கள். பெரியப்பா கல்யாணம் செய்துகொள்ளாதவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருடம் பிரஸ் மிஷின் ஓட்டினார். வலது கையில் இரண்டு விரல்களை அந்த மிஷினிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

சித்தப்பா புதுப் போன் வாங்கியதும், கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன் பெரியப்பாவிடம் வந்தது. மீதி விரல்களால் தள்ளித் தள்ளிப் பார்த்து, ஒருநாள் எப்படியோ சிங்கங்களிடம் போய்ச் சேர்ந்தார். ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு சரணாலயம். தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் திறந்த ஜீப்பில் மூன்று ஆண் சிங்கங்களின் பின்னாலேயே போய், தினம் ஒரு வீடியோ போடுவார். மூன்றும் அண்ணன் தம்பிகள். பெரியவன், நடுவுலவன், சின்னவன் என்று பெரியப்பா அவற்றுக்குப் பேர் வைத்தார்.

தொப்பிக்காரர் பேசுவது இங்கிலீஷ். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் மீடியம் நான் ஒருத்திதான். பள்ளிக்கூடம் விட்டதும் யூனிபார்மைக்கூட மாற்றாமல் கட்டிலில் ஏறிப் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

"இன்னாம்மா சொல்றான்?" என்பார்.

பத்து வார்த்தையில் நாலு புரியும். மீதி ஆறையும் நானே போட்டுக்கொள்வேன். சின்னவனுக்கு நேற்றிலிருந்து வயிற்றுவலி, நடுவுலவனுக்கு எருமைக்கறி அலுத்துப்போய்விட்டது, இப்படி. ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு அப்பா சாப்பிட உட்கார்ந்தால், "நடுவுலவனுக்கு எருமக்கறி புடிக்கலயாம்டா" என்று அந்தச் செய்தி அவருக்கும் போய்ச் சேரும். பரீட்சையில் என் இங்கிலீஷ் மார்க்கைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கார்த்திகை வாக்கில் வேறு பக்கத்திலிருந்து புதிதாக நாலு ஆண் சிங்கங்கள் அந்தக் காட்டுக்குள் வந்தன. சண்டையை யாரும் படம் பிடிக்கவில்லை. மறுநாள் பெரியவன் பின்னங்காலை இழுத்துக்கொண்டு நடந்தது. பெரியப்பா போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். அன்றிலிருந்து நான் வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி அதுதான்.

"மத்த ரெண்டும் நிக்குதா, பூட்ச்சா?"

நின்றன. நாலு அடி போகும், திரும்பிப் பார்க்கும், படுத்துக்கொள்ளும். பெரியவன் வந்து சேர்ந்ததும் எழுந்து நடக்கும். ஐந்தாறு நாள் அப்படிப் போனது. பிறகு பசி தாங்காமல் இரண்டும் இரை தேடிப் போய்விட்டன.

அதற்கடுத்த வீடியோவில் வெறும் புல்தான் தெரிந்தது. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அந்த வாக்கியத்தில் எனக்குப் புரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை.

"இன்னாம்மா சொல்றான்?"

"வெய்யில் ஜாஸ்தியாம் பெரிப்பா. பெரியவன் நெழல்ல படுத்துகினு கீதாம். ரெண்டு நாள்ல எழுந்துடுமாம்."

"தொப்பிய ஏன் கயட்டினான்?"

"வேர்க்குதாம்."

பெரியப்பா போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். மறுநாள் கேட்டதற்கு, சார்ஜ் நிற்கவில்லை என்றார். அதற்குப் பிறகு நாங்கள் சிங்கம் பார்க்கவில்லை.

மார்கழியில் அவருக்குக் காய்ச்சல் வந்து, பூந்தமல்லிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சனிக்கிழமை லீவு என்பதால் என்னையும் கூட்டிப்போனார்கள். டாக்டர் இளவயதுக்காரர், வடக்கத்திக்காரர். தமிழ் வராது. கட்டிலின் கால்மாட்டில் நின்று அப்பாவிடம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனார். அப்பா எல்லாவற்றுக்கும் "எஸ் சார்" என்றார். கிட்னி என்றது எனக்குப் புரிந்தது. ஆபரேஷனைத் தாங்க மாட்டார் என்றது புரிந்தது. சில நாட்கள்தான் என்றதும் புரிந்தது. டாக்டர் போனதும் அப்பா ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, முதுகு மட்டும் குலுங்கியது.

பெரியப்பா அப்பாவைக் கூப்பிடவில்லை. என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா சொல்றாரு?"

"வேற மருந்து வெச்சுக் கட்டுவாங்களாம் பெரிப்பா. பொங்கலுக்கு முன்னாடி ஊட்டுக்குப் பூடலாமாம்."

"அப்டியா? நல்ல டாக்டரு."

அம்மா கீழேயிருந்து சுடுதண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தாள். அப்பாவைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பெரியப்பா அவளிடம், "பொட்டில புது வேட்டி ஒண்ணு பிரிக்காம கீதும்மா. எட்து வெளிய வையி" என்றார்.

"இப்ப எதுக்கு மாமா அது?"

"பொங்கலுக்கு ஊட்டுக்கு வர்றேன்ல. பாப்பாதான் சொல்ச்சு."

அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். அவளே காரியத்தைக் கெடுத்துவிடுவாள் போலிருந்தது. எனக்குக் கோபமாக வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, பெரியப்பா போய்விட்டார். அந்த வேட்டியைத்தான் கட்டிவிட்டார்கள். பொங்கலுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கூடத்தில் எல்லாரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். நான் பயத்தில் அழுதேன். என் பேச்சை நம்பிக்கொண்டே போய்விட்டாரே, நிஜத்தைச் சொல்லியிருந்தால் யாரிடமாவது ஏதாவது பேசியிருப்பாரே என்று பல வருடம் மனசுக்குள் வைத்துக்கொண்டு கிடந்தேன். அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் கிளம்பும் நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. பெரியப்பா அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே கூப்பிட்டார்.

"பாப்பா, டாக்டரு இன்னா சொன்னாரு? இன்னொரு தபா சொல்லும்மா."

முதல் தடவை அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று அப்போது நினைத்தேன். கட்டிலில் ஏறி, காதருகில் குனிந்து, அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.