மூட்டைக்கல் கரடும் ஒரு ரிஜெக்ட் ஸ்லாபும்

ஈரக் கல்தூள் வாடை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஓசூரில் நான் முதன்முதலாகச் சேர்ந்த கிரானைட் பாலிஷ் யூனிட்டில் ஷிஃப்ட் முழுக்க அந்த வாடைதான். காலடியில் சாம்பல் நிறச் சேறு, காதில் மெஷின் இரைச்சல்... தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்தாலும் சோற்றில் கல்தூள் வாடை அடிக்கும்.

என் வேலை குவாலிட்டி செக்கிங். பாலிஷ் ஆகி வரும் ஸ்லாப் மேல் தண்ணீர் ஊற்றி, துணியால் துடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நல்ல கல் சீராகக் காயும். விரிசல் இருந்தால் அந்தக் கோடு மட்டும் ஈரமாகவே நிற்கும். சாக்பீஸால் வட்டம் போட்டு ரிஜெக்ட் என்று எழுதுவேன். சூப்பர்வைசர் முகம் சுண்டிப்போகும். அதனால் விரிசல் வரக் கூடாது என்று தினமும் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் பக்கெட்டைத் தொடுவேன்.

ஒரே ஒரு நாள் மட்டும் மாற்றி வேண்டிக்கொண்டேன்...

எங்கள் ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். வீட்டுக்கும் மாந்தோப்புக்கும் பின்னால் ஒரு சின்னக் கரடு. ராகி மூட்டைகளை அடுக்கிப் போட்ட மாதிரி உருண்டை உருண்டையாகக் கறுப்புப் பாறை. மூட்டைக்கல் கரடு என்போம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஆளுக்கொரு மூட்டையைப் பிடித்துக்கொண்டு மாங்காயும் மிளகாய்த்தூளுமாக உட்கார்ந்துவிடுவோம்.

கரடு பக்கத்து நிலத்துக்காரர் பட்டாவில் இருந்தது. ஒரு மழை நாளில் குவாரி காண்ட்ராக்டர் ஒருவர் வந்து பார்த்தார். நனைந்த பாறை பளபளவென்று மின்னியிருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் கறுப்பாக ஒரு கல்லைக் கண்டால் போதும், பிளாக் கிரானைட் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பட்டாக்காரரும் தலையாட்டிவிட்டார்.

அப்பா ஃபோன் செய்தார். ஓசூரில் ஒரு ராத்திரி தங்கச் சொன்னால்கூட மாட்டைச் சாக்கு சொல்லி ஓடிவிடும் மனிதர்.

"வெடி வெச்சா மாம்பூ நிக்காதும்மா. தூசியிலியே கருகிடும். வூட்டுச் செவுரு எத்தினி நாளைக்குத் தாங்கும்? எல்லாத்தையும் வித்துட்டு அங்கியே வந்துடறோம். வாடகைக்கு ஒரு வூடு பாத்து வை."

அப்பா ஒரு மாடி வீட்டு ஜன்னலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அடுத்த வாரம் அந்தக் காண்ட்ராக்டர் கரட்டிலிருந்து ஒரு பிளாக் எடுத்துவந்து இறக்கினார். எங்கே தெரியுமா? எங்கள் யூனிட்டிலேயே! ஸ்லாப் போட்டு, பாலிஷ் செய்து, கல் தேறினால் குவாரி... இல்லையென்றால் இல்லை.

ஸ்லாப் லைனில் வந்தது. கண்ணாடி மாதிரி கறுப்பு. என் முகம் அதில் தெரிந்தது. போச்சு என்று நினைத்தேன். விரிசல் இருக்க வேண்டும் சாமி என்று வேண்டிக்கொண்டே தண்ணீரை ஊற்றித் துடைத்தேன். காண்ட்ராக்டர் எனக்கு எதிரில். கல் காயத் தொடங்கியது...

முதலில் ஒரு கோடு. பிறகு அதிலிருந்து இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஸ்லாப் முழுக்க வலை பின்னியதுபோல் ஈரக் கோடுகள். காய்ந்த இடத்தில் பச்சைப் பச்சையாய் நரம்புகள். தூக்க முயன்றபோது மூலை தனியாகக் கையோடு வந்துவிட்டது.

காண்ட்ராக்டர் கன்னடக்காரர். உதட்டைப் பிதுக்கினார். "ஆகல்ல... இது ஆகல்லம்மா. பூரா கிராக்கு."

ஆகல்ல! அதைவிட இனிமையான வார்த்தையை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. சாக்பீஸை எடுத்து எவ்வளவு பெரிதாக எழுத முடியுமோ அவ்வளவு பெரிதாக ரிஜெக்ட் என்று எழுதினேன். பிறகு பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

எங்கள் யூனிட்டில் பவித்ரா என்று என் வயதுக்காரி ஒருத்தி இருந்தாள். சேலத்தில் ஜியாலஜி படித்தவள். உடைந்த மூலையைக் கையில் வைத்துக்கொண்டே கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏய், இது கிரானைட்டே இல்லடி. கடலுக்கு அடியில இருந்த தரை. நெருப்புக் கொழம்பு கடல் தண்ணியில பட்டு ஒறைஞ்சா இப்பிடித்தான் மூட்டை மூட்டையா நிக்கும். இந்தப் பச்சைக் கோடெல்லாம் கடல் தண்ணி உள்ள பூந்த வழி."

"வேப்பனப்பள்ளியில ஏதுடி கடலு?"

"ரெண்டு பக்கத்து நெலமும் நகர்ந்து வந்து ஒட்டிக்கிச்சு. நடுவுல இருந்த கடல்தரை கனம், அதனால முக்காவாசி அடியில போய்டுச்சு. ஏதோ ஒரு துண்டு மட்டும் நசுங்கி மேல வந்து, மலையோட மலையா மாட்டிக்கும். டைனோசருக்கெல்லாம் ரொம்ப முந்தி. எல்லாரும் இத ஒத்துக்கல, இன்னும் சண்டை நடக்குது. ஆனா எனக்கு அப்பிடித்தான் தோணுது."

அந்த நேரம் பார்த்து பஸ் கதவு மூடி, முன்னால் நின்றவளின் துப்பட்டா நுனி வெளியே மாட்டிக்கொண்டது. பவித்ரா அதைக் காட்டி, "இதே மாதிரிதான்" என்றாள். துப்பட்டாக்காரி முறைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஓசூர் பஸ் ஸ்டாண்ட் வரும்வரை சிரித்தோம். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் அப்படிச் சிரித்தேன்.

இப்போது நான் வேறு கம்பெனி. சொந்த ஃபிளாட். சமையல் மேடை பிளாக் கிரானைட், ஒரு கோடு கிடையாது. துடைக்கும்போது சில நாள் கை நின்றுவிடும்... இந்தக் கல் தேறியபோது எந்தக் கரட்டடியில் யார் வீடு காலி செய்தார்களோ?

பவித்ரா சொன்ன கடல் கதையோடு நான் ஊருக்குக் கொண்டுபோன அந்த உடைந்த மூலை, அப்பாவின் மோட்டார் ரூம் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறது. தோப்பு அப்படியே இருக்கிறது. இந்த வருடம் பூவும் நன்றாக நின்றிருக்கிறதாம்.

அப்போதெல்லாம் ஃபோன் செய்தால் மழை உண்டா, மாடு கறக்கிறதா என்று கேட்பேன். இப்போது முதல் கேள்வியே வேறு.

"அப்பா, கரடு இருக்குதா?"

நேற்றும் கேட்டேன். அப்பாவுக்குச் சிரிப்பு.

"கடலே போயும் அது போவல. இனிமே எங்க போவப் போவுது? நீ சாப்ட்டியா?"

சாப்பிட்டேன்ப்பா... நிம்மதியாகச் சாப்பிட்டேன்.