இயக்குநர் குழுவின் வெளியாள்

இது கட்டுக்கதை என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. வேலையே போய்விட்டது. பதினாறு வருடம் கூட்டக் குறிப்பு எழுதிய கை இது. அந்தக் கை எழுதிய பொய்களுக்குக் கணக்கில்லை. ஆனால் இது அதில் சேராது. போன வருடம் ஜனவரி 23, வியாழக்கிழமை, மாலை 4:00 மணியிலிருந்து 5:09 வரை நடந்தது. நான் அந்த அறையில் இருந்தேன்.

என் பெயர் கர்லிகாஷ். கரகந்தா நகரத்திலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் போனால் எங்கள் சுரங்க ஊர். ஊருக்குத் தண்ணீர் விடுவது, குப்பை அள்ளுவது, பழைய அடுக்குமாடிகளைப் பராமரிப்பது, குளிர்காலத்தில் குழாய் வழியாக வீடுகளுக்கு வெந்நீர்ச் சூடு அனுப்புவது, எல்லாம் ஒரே கம்பெனிதான். அதன் இயக்குநர் குழுவுக்கு நான் செயலாளர்.

குழுவில் ஐந்து பேர். தலைவர் ஒரல்பாய் கொதிகலன் கூடத்துக்குள் ஒருநாளும் இறங்கியதில்லை, சட்டையில் கரி படியுமாம். அவருடைய மச்சான் ஜானிபெக்கைத் தூங்குவதற்கென்றே நியமித்திருந்தார்கள், அந்த வேலையை மட்டும் அவர் ஒழுங்காகச் செய்தார். வக்கீல் இங்கார் எந்த அநியாயத்துக்கும் கைப்பையில் ஒரு சட்டப் பிரிவு வைத்திருப்பாள். மேலாளர் யூரி, தலைவர் தும்மினால் தன் மூக்கைத் துடைத்துக்கொள்ளும் ரகம். ஐந்தாவது ஆள்தான் இந்தக் கதை.

சட்டப்படி குழுவில் ஒருவராவது வெளியாளாக இருக்க வேண்டும். சொந்தக்காரராகவோ ஊழியராகவோ இருக்கக் கூடாது. எங்கள் ஊரில் யாரைத் தொட்டாலும் யாருக்காவது சம்பந்தி. மூன்று வருடத்துக்கு முன் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"நமக்கு ஒட்டும் இல்லாத, உறவும் இல்லாத ஆள் ஒருத்தன் பேரைப் போடு."

"யார் பேரை, ஒரேக்கே?" மரியாதைக்கு அவரை அப்படித்தான் சுருக்கி அழைக்க வேண்டும்.

"யாரா இருந்தா என்ன? அவன் வரவா போறான்?"

என் கைக்கெட்டும் தூரத்தில் புகார்க் கோப்பு இருந்தது. அதில் எல்லாவற்றுக்கும் மேலே, சபர்கலி என்பவரின் அடையாள அட்டை நகல். வானிலை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். மாதம் தவறாமல் புகார் எழுதுவார். அதில் திட்டு இருக்காது, கெஞ்சலும் இருக்காது. 'காலை 7:00 மணி, பதினொரு டிகிரி. மாலை 5:00 மணி, பத்து டிகிரி.' தன் வீட்டுச் சூட்டை அப்படி நாள்வாரியாக எழுதியிருப்பார், அவ்வளவுதான். நான் அந்த நகலை எடுத்து விண்ணப்பத்தோடு சேர்த்தேன். தனக்குத் தெரியாமலே அந்த மனிதர் எங்கள் இயக்குநர் ஆனார்.

அவர் கையெழுத்தையும் நான்தான் போட்டேன். அவருடைய நிஜக் கையெழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருக்கும், எனக்கு வரவில்லை. அதனால் நானே ஒன்றை உருவாக்கினேன். பெரிய முதலெழுத்து, அடியில் ஒரு வால், வாலுக்குள் இரண்டு புள்ளி. மூன்று வருடத்தில் முப்பத்தெட்டு கூட்டம். முப்பத்தெட்டிலும் 'ஆதரவு' என்று எழுதி அந்த வாலைச் சுழித்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

கூட்டத்தைப் படமெடுத்து மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும். அதனால் அவருக்கும் ஒரு நாற்காலி, பெயர்ப்பலகை, தேநீர்க் கிண்ணம் உண்டு. எதிரே ஒரு சாம்பல் நிற ஸ்பீக்கர் போன். அவர் 'தொலைபேசி வழியாகக் கலந்துகொள்கிறார்' என்று பொருள். அந்தப் போனின் ஒயர் எங்கும் சேரவில்லை. அறுந்த நுனியைக் கம்பளத்துக்கு அடியில் செருகியவளே நான்தான்.

அன்றைக்கு வந்த விஷயம் ஒன்றே ஒன்று. சுரங்கத் தெருக் குழாய் கசிந்தது. தோண்டிச் சரிசெய்வது தொல்லை என்று, 12, 13, 14-ஆம் கட்டிடங்களுக்குச் சூட்டை வசந்தம் வரை நிறுத்திவிடலாம் என்றார்கள். நாற்பத்தொரு குடும்பம். வெளியே மைனஸ் முப்பத்தொன்று. ஆள் குடியிருக்கும் கட்டிடம் என்றால் ஐந்து பேரும் சம்மதிக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. ஐந்தாவது சம்மதம் என் பேனாவில் இருந்தது.

மணி 4:00. சுவர் வெப்பமானியில் இருபத்தேழு டிகிரி. ஊரிலேயே சூடான அறை அதுதான். புழுக்கம் தாங்காமல் ஜனவரி மாதத்தில் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள்.

4:12. அலுவலகத்தில் தேநீர் போடும் ஜிபெக் கெண்டியோடு வந்தாள். அவள் இருப்பது 13-ஆம் கட்டிடத்தில், மூன்று மாத இரட்டைக் குழந்தைகளோடு. அவள் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே இவர்கள் பேசினார்கள்.

"குழந்தைங்க இருக்கிற வீடு ஏழெட்டு இருக்கு," என்றார் யூரி, பட்டியலைப் பார்த்து.

"ஏன், ஊர்ல கம்பளி தீர்ந்துபோச்சா?" என்றாள் இங்கார். "மின் அடுப்பு வச்சிக்கட்டும்."

ஜிபெக் ஊற்றுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நெசமாவா?" என்று மெல்லக் கேட்டாள். நான் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்குக் கிண்ணத்தைப் பாதிதான் நிரப்புவார்கள். அதுதான் மரியாதை. விளிம்புவரை ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். தலைவர் ஜிபெக்கிடமிருந்து கெண்டியை வாங்கி, காலி நாற்காலியின் கிண்ணத்தில் விளிம்புவரை ஊற்றினார்.

"ஐயா சபர்கலி, குடிச்சிட்டு இடத்தைக் காலி பண்ணுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஜானிபெக் தூக்கத்திலேயே சிரித்தார்.

4:31. எழுதிவிட்டு நிமிர்ந்தேன். அந்தக் கிண்ணம் காலி. 'போதும்' என்று சொல்பவர்கள் வைப்பது போலப் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. மேசை விரிப்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"யூரி, நீங்க குடிச்சீங்களா?"

"நான் எதுக்கு அதைக் குடிக்கப்போறேன்?"

4:40. வெளியே இருட்டிவிட்டது. "யாராவது ஜன்னலைச் சாத்துங்கப்பா," என்றார் தலைவர். நான் எழுந்து போனேன். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது... கொண்டியும் போட்டிருந்தது. வெப்பமானி பத்தொன்பது காட்டியது.

ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். விரல் பொசுங்கியது. இரும்பு கொதிக்கிறது, அறை குளிர்கிறது.

4:48. பதினான்கு. பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. ஜானிபெக் விழித்துக்கொண்டார். அவர் கூட்டத்தில் விழித்து நான் பார்த்ததில்லை.

"பாய்லர் போச்சா?"

"யூரி, போய்ப் பாருய்யா," என்றார் தலைவர்.

யூரி போய்க் கதவை இழுத்தார். வரவில்லை.

"ஓட்டுப் போடறதை முடிச்சிட்டுப் போலாம்," என்றாள் இங்கார். அவள் பல் அடித்துக்கொண்டது. அந்த நேரத்திலும் அவர்களுக்கு ஓட்டுதான் பெரிது.

4:57. "சூட்டை நிறுத்த ஆதரவு?"

நான்கு கை உயர்ந்தது. எண்ணினேன். நான்கு.

ஐந்தாவது ஓட்டுக்கு நான் பேனாவைத் தூக்குவேன். அதுதான் வழக்கம்.

தூக்கப் போனேன்... கை எழவில்லை.

மணிக்கட்டின்மேல் ஏதோ இருந்தது. பனிக்கட்டி போலச் சில்லென்று. ஒவ்வொன்றாக ஐந்து விரலையும் உணர்ந்தேன்.

"பேனாவைத் தூக்கேன்," என்றார் தலைவர்.

"முடியல, ஒரேக்கே."

"என்ன முடியல?"

அவருக்கு எரிச்சல். படத்துக்காக எப்போதும் செய்கிற கேலியைச் செய்தார். போன் பொத்தானைத் தட்டினார்.

"ஐயா சபர்கலி, லைன்ல இருக்கீங்களா?"

டிக்.

போனில் பச்சை விளக்கு எரிந்தது.

கர்ர்ர்... கர்ர்ர்...

யாரோ மூச்சு விட்டார்கள். மெல்ல. சளி கட்டிய நெஞ்சு.

"இருக்கேன்."

தலைவர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார்.

சுவர்க் கடிகாரம் 5:00 அடித்தது.

"மாலை அஞ்சு மணி," என்றது குரல். "ஒன்பது டிகிரி."

வெப்பமானியைப் பார்த்தேன்.

ஒன்பது.

"நான் ஒத்துக்கல."

விளக்கு அணைந்தது.

ஐந்தாவது நாற்காலி தானாகப் பின்னுக்கு நகர்ந்தது. கிரீச்... ஒருவர் எழும் அளவுக்கு மட்டும்.

கதவு திறந்துகொண்டது.

என் மணிக்கட்டு லேசாயிற்று.

5:09-க்கு அறையில் நானும் ஜிபெக்கும் மட்டும் இருந்தோம். ஊரை ஆளும் நால்வரும் கோட்டு, தொப்பி எல்லாவற்றையும் விட்டுவிட்டு மைனஸ் முப்பத்தொன்றில் ஓடியிருந்தார்கள். ஓடும்போதும் தலைவர் வாசலில் நின்று ஒன்று சொன்னார்.

"குறிப்புல எதிர்ப்புன்னு எழுதிடாதே. வழக்கம் போலப் போட்டுடு."

பேய் வந்து சொன்னாலும் திருந்தாத ஜென்மங்கள். நான் 'ஆதரவு நான்கு, எதிர்ப்பு ஒன்று, தீர்மானம் விழுந்தது' என்று எழுதினேன். கையெழுத்துக் கட்டத்தில் அந்த வாலைச் சுழிக்கவில்லை, வெறுமையாக விட்டேன். அப்படியே மாவட்டத்துக்கு அனுப்பினேன். பதினாறு வருடத்தில் நான் எழுதிய முதல் உண்மைக் குறிப்பு அது. அதற்காகத்தான் என்னை வெளியே அனுப்பினார்கள். அந்த அறையில் பிறகு ஒரு கூட்டமும் நடக்கவில்லை. சூட்டை நிறுத்த வழியில்லாமல் குழாயைத் தோண்டிச் சரிசெய்தார்கள். ஜிபெக் வீட்டில் இன்றைக்கும் சூடு வருகிறது.

அன்று இரவு நான் தூங்கவில்லை. எதைப் பார்க்காமல் விட்டேனோ அதைக் கோப்பில் தேடினேன். இரண்டு மாதம் முன்பு, நவம்பரில், இதே குழு 11-ஆம் கட்டிடத்துக்குச் சூட்டை நிறுத்தியிருந்தது. 'ஆள் யாரும் இல்லை' என்று யூரி எழுதித் தந்த தாள். அதன்கீழ் சபர்கலியின் ஆதரவு, என் சுழியோடு. அடையாள அட்டை நகலில் அவர் முகவரி, சுரங்கத் தெரு, 11-ஆம் கட்டிடம், ஏழாம் எண். அந்தச் சுழியைப் போடும்போது முகவரி நினைவுக்கு வரவில்லை என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்புவதில்லை. டிசம்பரில் புகார் வராதபோது, தொல்லை விட்டது என்று தலைவர் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

மறுநாள் காலை 10:20-க்குப் போலீஸ்காரரோடு போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உடைத்தோம். ஜன்னல் பலகையெல்லாம் உறைபனி. சபர்கலி மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். கோட்டு, தொப்பி, கையுறை, எல்லாம் போட்டபடி. இறந்து ஐந்து வாரம் இருக்கும் என்றார் மருத்துவர்.

மேசையில் அவருடைய டிகிரி நோட்டு திறந்திருந்தது. டிசம்பர் 18 காலை வரை எறும்பு எழுத்தில் வரிசையாக எண்கள். பிறகு வெற்றுத் தாள்கள். நான் புரட்டினேன்.

கடைசித் தாளில் அதே எறும்பு எழுத்து.

'ஜனவரி 23. இயக்குநர் குழு அறை. 4:00, இருபத்தேழு. 4:40, பத்தொன்பது. 4:48, பதினான்கு. 5:00, ஒன்பது. எதிர்ப்பு.'

அதன்கீழே கையெழுத்து. அடையாள அட்டையில் இருக்கும் அவருடைய கையெழுத்து அல்ல.

பெரிய முதலெழுத்து. அடியில் ஒரு வால். வாலுக்குள் இரண்டு புள்ளி.

அதை அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.