ஐவர் வட்டத்தில் ஓரிடம்

அதிகாலை நான்கரை மணிக்கு, நிவித்திகலப் பேருந்து நிலையத்தில், என் பேத்தி துளசியின் கையைப் பற்றியவாறு இரத்தினபுரிப் பேருந்தில் ஏறினேன். அவளுக்கு எட்டு வயது. எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். ஆதலால் அவளைப் புளத்கொகுபிட்டியவை அடுத்த ஒரு தோட்டத்தின் ஆரம்பப் பாடசாலையில் மூன்றாம் தரத்தில் சேர்க்க வேண்டுமென்பது என் மகளின் பெருவிருப்பம். அயல் தோட்டங்களிலிருந்தும் பட்டணத்திலிருந்தும் பெற்றோர் தேடிவரும் அரசாங்கப் பாடசாலை அது. துளசியின் சித்தி அங்கே வாழ்க்கைப்பட்டிருப்பதால் தங்குவதற்குக் குறையில்லை.

"எடம் கெடைச்சதும் மொதல்ல எனக்குப் போன் பண்ணுங்க, அப்பா" என்று மகள் மும்முறை சொல்லி அனுப்பினாள். கிடைக்காவிட்டால் என்ன செய்வதென்று அவளும் கூறவில்லை, நானும் கேட்கவில்லை.

இரத்தினபுரியில் ஒரு கோப்பை தேநீர் அறுபது ரூபாய். அவிசாவளையில் மாறி, கேகாலைப் பேருந்தில் ஏறினோம். நடத்துநர் எல்லோரையும் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று முன்னே தள்ளிக்கொண்டேயிருந்தார். முன்னே நகர ஓர் அங்குல இடமுமில்லை. கரவனெல்லையில் இறப்பர் மரங்களுக்கிடையே வெயில் விழத் தொடங்கியபோது, கடை வைத்திருக்கும் முஸ்லிம் அன்பர் ஒருவர் தம் மகள் ஷிபாவுடன் ஏறி, அங்கே இறங்கியவர்கள் விட்ட இடத்தில் எங்கள் அருகே அமர்ந்தார். அச்சிறுமி தன் கையிலிருந்த கிம்புலா பனிஸ் ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, சீனி அதிகம் ஒட்டியிருந்த பாதியைத் துளசிக்குக் கொடுத்தாள்.

"வீட்ல தமிழ்தான் ஐயா, ஆனா படிக்கிறது சிங்களத்துல. தமிழ் எழுத்து ஒண்ணும் தெரியா. அதான் அந்த ஸ்கூலுக்குப் போறம். மூணாந் தரத்துல ஒரே ஒரு எடம் இருக்காம்" என்றார் அவர்.

நாங்களும் அதற்காகவே செல்கிறோம் என்று நான் சொல்லவில்லை. மறைத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எட்டேகாலுக்குப் புளத்கொகுபிட்டியவில் இறங்கி, அவரை முன்னே போகவிட்டு, ஐந்நூறு ரூபாய்க்கு வேறொரு முச்சக்கர வண்டி பிடித்தேன். பயனில்லை. பாடசாலை வாயிலில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, நீங்களுமா? பஸ்லயே சொல்லியிருந்தா பனிஸைத் திருப்பி வாங்கியிருப்பேனே!" என்று உரக்கச் சிரித்தார். நான் தலைகுனிந்தேன். சிறுமியர் இருவரும் அதற்குள் கைகோத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டனர்.

அதிபர் அம்மையார் எங்களைப் பாடசாலையின் நடுமண்டபத்திற்கு அழைத்துச் சென்றார். தொடக்கத்தில் அது தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையாம். ஒரே வாத்தியார், ஐந்து வரிசைகள். அவர் ஒரு வரிசைக்குப் பாடம் சொல்லும்போது, மற்ற வரிசைகளில் பெரிய பிள்ளைகள் சிறிய பிள்ளைகளை வாசிக்க வைப்பார்களாம். பாடசாலையை அரசாங்கம் பொறுப்பேற்றபின் ஆசிரியர்கள் வந்தனர், சுவர்கள் எழுந்தன, வரிசைகள் பிரிந்தன.

"சுவரு வந்ததும் சத்தம் கொறைஞ்சுச்சு. கூடவே புள்ளைங்க ஒண்ணுக்கொண்ணு சொல்லிக் குடுக்கிறதும் நின்னு போச்சு. அதத்தான் நாங்க திருப்பி எடுத்தோம்" என்றார் அம்மையார்.

அதற்கு 'ஐவர் மணி' என்று பெயர். நாள்தோறும் ஒன்பது மணிக்குத் தரத்திற்கு ஒருவராக ஐந்து பிள்ளைகள் வட்டமாக அமர்கின்றனர். வாசிப்பு, கணக்கு, சிங்களப் பேச்சு, முற்றத்து மழைமானியில் அளந்த மழையைக் கொப்பியில் எழுதுவது என யாவும் அவ்வட்டத்திலேயே நடைபெறுகின்றன. ஆசிரியர்கள் சுற்றி நடக்கிறார்கள். கேட்டாலன்றி வாய் திறப்பதில்லை. ஒரு வட்டத்தில் மூன்றாந்தரப் பிள்ளை ஊர் மாறிப் போய்விட்டதால் நால்வரே இருந்தனர். காலியாயிருந்த இடம் அதுவே.

பரீட்சையில்லை. முதலில் துளசியை அங்கே அமர்த்தினார்கள். அவள் சிறிதும் தயங்காமல் முதலாந்தரப் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "வெரல வச்சுப் படி. அவசரப்படாத" என்றாள். என் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்து ஷிபா அமர்ந்தாள். எழுத்தைப் பார்த்து விழித்தாள், கண் கலங்கினாள். அந்த முதலாந்தரப் பிள்ளை அவள் விரலைப் பிடித்து எழுத்தின் கீழ் வைத்து, "வெரல வச்சுப் படி. அவசரப்படாத" என்றது.

அம்மையார் என்னைத் தனியே அழைத்தார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. எடத்த அந்தப் புள்ளைக்குக் குடுக்கிறேன்."

"படிக்கத் தெரிஞ்ச புள்ளைக்கு இல்லேங்கிறீங்களே, டீச்சர்!"

"நாங்க இங்க சொல்லிக் குடுக்கப் பாக்கிறத உங்க பேத்தி ஏற்கனவே செய்யுது. எங்க பழகுச்சு?"

எங்கே பழகினாள்? ஆசிரியர் மறுபக்கம் திரும்பியிருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தின் ஒற்றை மண்டபத்தில்தான். நான் எந்தக் குறையிலிருந்து அவளை மீட்க அழைத்து வந்தேனோ, அக்குறையே அவளுக்கு அதைக் கற்பித்திருந்தது. அதற்காக இரண்டு ஆசிரியர் போதுமென்று நான் கூறமாட்டேன். எந்த அதிகாரி கேட்டாலும் போதாதென்றே சொல்வேன். எனினும் அம்மையாரிடம், "எங்க ஸ்கூல்லதான், டீச்சர்" என்றேன்.

அவர் ஒரு வட்டத்துக்குரிய வாசிப்பு அட்டைகளைக் கட்டித் துளசியிடம் கொடுத்தார். ஷிபாவின் தந்தை வாயில்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இம்முறை சிரிக்கவில்லை.

பிற்பகல் ஒன்றரைக்குத் திரும்பும் பேருந்தில் அமர்ந்தோம். துளசி அட்டைக் கட்டை மடியில் வைத்து, ஜன்னலைப் பாராமல் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். அழுகிறாளோ என்று இருமுறை குனிந்து பார்த்தேன். கரவனெல்லை தாண்டியதும் மகள் தானே அழைத்துவிட்டாள். சொல்லவேண்டியதைச் சொன்னேன். மறுமுனையில் விசும்பல் கேட்டது.

துளசி என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள்.

"அம்மா, அழாதீங்க. நம்ம ஸ்கூல்ல ஒண்ணாந் தரத்துல நாலு பேருதான் இருக்காங்க. அதனால நாலு வட்டம்தான் வரும். மத்த தரத்துல மூணு பேரு மிஞ்சுவாங்க. அவங்கள எங்க ஒக்கார வைக்கலாம்னு டீச்சர்கிட்ட நாளைக்கிக் கேட்டுக்கிறேன்."