மேட்டுக்கு ஏறாத கரண்டு

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், நல்லமுத்துவுக்குப் பதினோரு வருஷமாக ஒரே வேலை. ஓடைத் தண்ணீர் டர்பைனுக்கு இறங்கும் குழாயின் வாயை இலைதழை அடைக்காமல் வாரிப் போடுவது. தண்ணீர் டர்பைனைச் சுழற்றும், டர்பைன் டைனமோவைச் சுழற்றும், பல்பு எரியும். அதற்கு மேல் மின்சாரத்தைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது. தெரியாது என்பதாவது தெரிந்திருந்ததால் தோட்டத்தில் மற்றவர்களுக்கு ஒரு படி மேலேதான் இருந்தான்.

1955ஆம் வருஷத் திருவிழாவில் பெட்ரோமாக்ஸ் அணைந்து, தீச்சட்டி ஏந்திவந்த அவன் மனைவி ராக்காயி மாரியம்மன் கோயில் படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். அதனால் 1956இல் தோட்டத்துத் துரையிடம் கெஞ்சி, கோயிலுக்கென்று ஒரு சுருள் கம்பி வாங்கினான். அதைத் தன் வீட்டுக்கு இழுக்கச் சொன்னார் பெரிய கங்காணி பழனியாண்டி. கோயில் மேட்டில் இருந்தது. கங்காணி வீடு ஸ்டோருக்குக் கீழே.

"தண்ணியில இருந்து வர்ற கரண்டு பள்ளத்துக்குத்தான்டா ஓடும். மேட்டுக்கு எப்படி ஏறும்?"

"தொரை பங்களா உச்சியிலதானுங்க இருக்கு. அங்க எரியுதுங்களே."

"அது தொரைக்கு ஏறும். ஒனக்கு ஏறுமா?"

வேலைக்குப் பேர் கொடுக்கக் காலைப் பெரட்டுக்கு வரிசையில் நின்ற அத்தனை பேரும் அதை நியாயமென்று தலையாட்டினார்கள்.

அங்கே வந்து சேர்ந்தார், ஸ்டோரில் தேயிலை பதப்படுத்துவதை மேற்பார்க்கும் உதவி டீமேக்கர் றோலண்ட். தபாலில் மின்சாரம் படிப்பவர். மூன்றாம் பாடம் வரை வந்திருந்தது.

"எல்லாருமே தப்பா நெனைக்கிறீங்க கங்காணி. பிளஸ்ல இருந்து மைனஸுக்கு ஓடுதுன்னு சொல்றோம். உண்மையில ஓட்டம் நேர் எதிர்ப்பக்கம்."

கங்காணிக்குப் பிளஸும் தெரியாது, மைனஸும் தெரியாது. எதிர்ப்பக்கம் மட்டும் தெரிந்தது.

"அப்படின்னா என் வீட்டுல இருந்து ஸ்டோருக்கா போகும்?"

நான்காம் பாடம் இன்னும் வரவில்லை. றோலண்ட் தாடையைத் தடவினார். "ஒரு வகையில அப்படித்தான்."

"என் வீட்டுல உள்ளத உறிஞ்சிக்கிட்டுப் போறதுக்கு நானே கம்பி இழுக்கணுமா? டேய், கோயிலுக்கே கொண்டுபோய்த் தொலை."

நல்லமுத்து அன்றைக்கே கம்பம் நட்டுவிட்டான்.

திருவிழா மாலையில் கோயில் வாசலில் பல்பு எரிந்தது. ராக்காயி ஒவ்வொரு படியாகப் பார்த்து ஏறினாள். கங்காணி பல்புக்கு நேர் கீழே வராமல் ஒதுங்கி நின்றார்.

"ஏன்டா, இப்ப ஆத்தாகிட்ட இருந்தா ஸ்டோருக்குப் போகுது?"

"ஆமாங்க. அங்கருந்து தொரை பங்களாவுக்கு ஏறுதுங்க."

கங்காணி அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பங்களாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.